சிப்பிக்கு நாடி பார்த்த துரை

மாட்டுக்கு நோய் வந்தால் தீனியைத் தொடாது. கோழிக்கு வந்தால் மூலையில் ஒதுங்கித் தூங்கி வழியும். மனிதனுக்கு வந்தாலோ கேட்கவே வேண்டாம். அடுத்த தெரு வரை முனகல் கேட்கும்.

சிப்பிக்கு நோய் வந்தால்?

சிப்பி முனகாது. இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு, பாறையோடு பாறையாகக் கிடக்கும். உயிர் போன பிறகுதான் வாய் திறக்கும். அதற்குள் பக்கத்துச் சிப்பிக்கும் நோய் பரவியிருக்கும். ஒரு பருவம் முடிவதற்குள் படுகை முழுவதும் வெற்று ஓடாகிவிடும். அதை நம்பித் தோணி வாங்கியவன், கடன் கொடுத்தவன், வலை பின்னியவன் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஊமைப் பிராணிக்கு நாடி பார்க்க ஒருவர் முன்வந்தார். இலங்கையிலும், தூத்துக்குடியிலும், நம் பழவேற்காட்டிலும் கடலோடும் சேற்றோடும் பழகினார். அவர்தான் ஜேம்ஸ் ஹார்னெல்.

கண்ணாடிச் சில்லு வியாபாரம்

ஹார்னெல் பிறந்தது 1865-ம் ஆண்டு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் ஜெர்ஸி என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. 1890-களில் அங்கே ஜோசப் சினெல் என்ற உள்ளூர் இயற்கை ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து, கடல் பிராணிகளை ஆராயும் நிலையம் ஒன்றை ஹார்னெல் நடத்திவந்தார்.

ஆராய்ச்சி என்றால் பணம் வேண்டுமே! அதற்கும் ஒரு வழி கண்டார். கடல் பிராணிகளின் உடலைத் தாளைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கத் தோதாகத் தயார் செய்து விற்றார். கைத்தொழில் போன்ற வேலைதான். பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டதும், பேர் வாங்கிக் கொடுத்ததும் இந்தக் கைப்பழக்கமே.

வறண்டுபோன முத்துக் கடல்

அப்போது இலங்கை சர்க்காருக்கு ஒரு பெரிய கவலை. மன்னார் வளைகுடாவில் 1891-ம் ஆண்டுக்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. பத்து வருஷமாகக் கஜானாவுக்கு அந்த வகையில் ஒரு காசு வரவில்லை. சிப்பிகள் குஞ்சாக இருக்கும்போது கோடி கோடியாகத் தென்படும். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது! எங்கே போயின? யார் தின்றார்கள்? நோயா? யாருக்கும் விடை தெரியவில்லை.

லிவர்பூல் நகரத்துப் பேராசிரியர் ஹெர்ட்மன் என்பவரைச் சர்க்கார் அழைத்தது. அவர் தமக்கு உதவியாளராக ஹார்னெலைக் கூட்டிக்கொண்டு 1902-ம் ஆண்டு ஜனவரியில் கொழும்பில் இறங்கினார். சில மாதங்களில் பேராசிரியர் ஊர் திரும்பிவிட்டார். ஹார்னெல் தங்கிவிட்டார். ஐந்து பெரிய தொகுதிகளாக 1903 முதல் 1906 வரை வெளிவந்த அந்த ஆராய்ச்சி அறிக்கையில் பேராசிரியரின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் வெயிலில் நின்று, சிப்பியை அறுத்து, சீவல் சீவிப் பார்த்த வேலையில் பெரும்பங்கு உதவியாளருடையது. உலக வழக்கம் அப்படி!

முத்துச் சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள் நம் மீனவர்கள். பெரிய பார் என்று ஒரு திட்டு. பெயருக்கேற்றபடி பெரியதுதான். அங்கே குஞ்சுகள் ஏராளமாக விழும். ஆனால் பருவக் காற்று வீசினால் நீரோட்டம் அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விடும். மணல் மூடிச் சாகிறவை ஒரு பக்கம். திருக்கையும் கிளாத்தி மீனும் கொறித்துத் தீர்ப்பது ஒரு பக்கம். ஓட்டைத் துளைத்து உள்ளே புகும் கடற்பஞ்சு ஒரு பக்கம். நெருக்கத்தால் இரையில்லாமல் சாகிறவை இன்னொரு பக்கம்.

ஆகவே நெருக்கமான இடத்திலிருந்து குஞ்சுகளை அள்ளி, நல்ல பார்களில் கொண்டுபோய் விடலாம் என்று இருவரும் யோசனை சொன்னார்கள். நாற்றங்காலிலிருந்து வயலுக்கு நாற்று மாற்றுவது போலத்தான். இந்த யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

திருக்கை, புழு, முத்து!

முத்து எப்படி உண்டாகிறது? சிப்பி வாயைத் திறக்கிறது, மழைத்துளி விழுகிறது, அது முத்தாகிறது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். மணல் துகள் புகுந்து உறுத்துகிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்லின.

ஹார்னெலும் ஹெர்ட்மனும் சிப்பிகளை அறுத்துப் பார்த்தார்கள். முத்துக்களை அமிலத்தில் கரைத்து, நடுவில் என்ன இருக்கிறது என்று தேடினார்கள். சிப்பிகளின் சதைக்குள் நுணுக்கமான புழுக்குஞ்சுகள் உருண்டை உருண்டையாகக் கிடந்தன. நாடாப்புழு இனத்தைச் சேர்ந்தவை. இந்தப் புழு சிப்பிக்குள் குஞ்சாக இருக்கிறது. சிப்பியைத் தின்னும் மீனின் வழியாகத் திருக்கையின் குடலுக்குப் போய் முழுப்புழுவாகிறது. முட்டைகள் கடலில் கலந்து மறுபடியும் சிப்பிக்கு வருகின்றன. சிப்பிக்குள் செத்துப்போகும் புழுவைச் சுற்றித்தான் நல்ல முத்து உருள்கிறது. இதுதான் அவர்கள் வெளியிட்ட முடிவு.

உலகமே வியந்தது. ராணிகளின் கழுத்தில் தொங்குவது புழுவின் கல்லறையா! சிப்பியைத் தின்கிறதே என்று திருக்கையை ஒழித்தால் முத்தும் ஒழிந்துபோகும் என்றாகிவிட்டதே! இலங்கையில் டாக்டர் கெலார்ட் என்பவர் 1850-களிலேயே புழுவின் மேல் சந்தேகம் கொண்டிருந்தார். அது உறுதியானது என்று பலர் நினைத்தார்கள்.

ஆனால் 1912-ம் ஆண்டு லிஸ்டர் ஜேம்சன் என்ற விஞ்ஞானி குறுக்கே வந்தார். அவரும் முத்துக்களைச் சோதித்தார். புழு சிப்பிக்குள் இருப்பது உண்மை. முத்துக்குக் காரணம் அதுதான் என்பதற்கு ஆதாரம் போதாது என்று எழுதினார். அவர் பக்கமே நியாயம் இருந்தது. ஓட்டைச் சுரக்கும் மேல்தோலின் சிறு துணுக்கு சதைக்குள் அகப்பட்டு ஒரு பையாக மாறி, அந்தப் பைதான் முத்தைச் சுரக்கிறது என்பது இன்றைய விளக்கம். புழுவும் சில சமயம் அந்தத் துணுக்கை உள்ளே தள்ளலாம். எப்போதும் அதுவே காரணம் அல்ல.

ஒரு வீட்டில் திருட்டுப் போகிறது. அந்த நேரம் வாசலில் ஒருவன் நிற்கிறான். நின்றவன்தான் திருடன் என்று சொல்லிவிட முடியுமா? புழு விஷயத்தில் நடந்தது அதுதான். ஹார்னெல் போன்ற கூர்ந்த பார்வையுள்ளவரே இதில் அவசரப்பட்டார் என்றால், சிப்பி வைத்தியம் எத்தனை கடினம் என்று பாருங்கள்.

8 கோடி சிப்பி

இதற்கிடையில் கடல் மனம் மாறியது. 1903-ம் ஆண்டு மறுபடியும் முத்துக்குளிப்பு தொடங்கியது. 1905-ம் ஆண்டு நடந்தது போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை. மரிச்சுக்கட்டி என்ற வெறும் மணல்காட்டில் ஒரே மாதத்தில் ஒரு நகரம் எழும்பிவிட்டது. கீழக்கரை, தூத்துக்குடி ஆட்கள், அரபுக்காரர்கள் என்று சுமார் 5 ஆயிரம் பேர் முழுகினார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் கடல்கட்டிகளும் வந்தார்கள். 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு முழுகினவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு. சர்க்காருக்குக் கிடைத்தது 25 லட்ச ரூபாய்! அந்தக் காலத்து 25 லட்சம்.

வேலி போட்ட கொட்டுகளில் சிப்பிகளை ஒரு வாரம் அழுகவிட்டு, ஈக்களும் புழுக்களும் சதையைத் தின்ற பிறகு கழுவி முத்து பொறுக்கினார்கள். காற்று வீசும் திசையில் மைல் கணக்கில் நாற்றம் போயிருக்கும். ஆனால் பணத்தின் வாசனை அதை மறைத்துவிட்டது.

லண்டன் முதலாளிகள் மயங்கினார்கள். 1906-ம் ஆண்டு ஒரு கம்பெனி, ஆண்டுக்கு 3 லட்ச ரூபாய்க்கு மேல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, 20 வருஷக் குத்தகைக்கு முத்துக்கடலை எடுத்தது. அடுத்த இரண்டு பருவம் ஏதோ கிடைத்தது. 1907-ம் ஆண்டுக்குப் பிறகு பார்கள் வெறுமையாகிவிட்டன. சில ஆண்டுகளில் கம்பெனி படுத்துவிட்டது. இலங்கைக் கடலில் மறுபடியும் முத்துக்குளிப்பு நடக்க 1925-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அளவுக்கு மீறி எடுத்ததாலா, நீரோட்டமா, மீன்களா, கண்ணுக்குத் தெரியாத நோயா? அன்றைய பூதக்கண்ணாடியால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

பழவேற்காட்டுக்கு வந்தார்

அந்தச் சமயத்தில் சென்னை ராஜதானியில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற பெரிய அதிகாரி மீன்வளத்துக்கென்று ஒரு தனி இலாகாவை உருவாக்கிக்கொண்டிருந்தார். விவசாயிகளுக்குக் கூட்டுறவுச் சங்கம் வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவரும் இவரே. மீனவனைக் கடனிலிருந்து மீட்க வேண்டுமானால் கடலைத் தெரிந்தவன் வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படி வந்து சேர்ந்தவர்தான் ஹார்னெல்.

வந்ததும் அவர் கண் பட்ட இடங்களில் ஒன்று பழவேற்காட்டு ஏரி. கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குக் கிழக்கே இன்று நாம் பார்க்கும் அதே ஏரிதான். ஒரு பக்கம் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. மறுபக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறக்குறைய நன்னீர். கோடையில் முகத்துவாரம் மணல் மூடினால் உப்புக் கரிக்கும். இந்த இரண்டையும் தாங்கிக்கொண்டு ஒரு சிப்பி இங்கே வாழ்கிறது. முத்துச் சிப்பி அல்ல, தின்னும் சிப்பி. ஆளி என்றும் சொல்வார்கள். 1916-ம் ஆண்டு விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது: மெட்ராசென்சிஸ்.

இதை வளர்த்து விற்கலாமா? 1908-ம் ஆண்டு வாக்கில் ஹார்னெல் ஏரியைச் சோதித்து, முடியும் என்று அறிக்கை எழுதினார். பிரான்சு நாட்டு ஆர்க்கஷோன் என்ற ஊரில் சிப்பி வளர்ப்பதைப் பற்றி, இந்தியாவுக்கு அதில் என்ன பாடம் என்று தனியாக ஒரு நூலே எழுதினார்.

அந்த முறை நம் வீட்டுக் கூரை ஓட்டில் இருக்கிறது! ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசி, சிப்பி முட்டையிடும் பருவத்தில் தண்ணீரில் அடுக்கி வைக்க வேண்டும். மிதந்து திரியும் குஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் உட்கார இடம் தேடும். சுண்ணாம்பின் மேல் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் வளர்ந்ததும் சுண்ணாம்போடு உரித்தெடுத்து வேறு படுகையில் விட்டு வளர்க்கலாம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் ஓடு உடையும், சிப்பியும் உடையும். எவ்வளவு எளிய தந்திரம்!

ஓட்டை எப்போது போடுவது? அதைக் கண்டுபிடிக்கச் சென்னைக் கழிமுகங்களில் தண்ணீரின் உப்பை அளந்து அளந்து பார்த்தார். சிப்பி முட்டையிடுவது தண்ணீரின் உப்பு மாறுவதைப் பொறுத்தது என்பது அவர் கண்ட முடிவு. பழவேற்காட்டில் ஒரு சிப்பிப் பண்ணையும் தொடங்கியது. இந்திய மண்ணில் விஞ்ஞான முறைப்படி சிப்பி வளர்க்க எடுத்த முதல் முயற்சி அது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்தப் பெருமை உண்டு என்பது ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது.

ஆனால் அது பெரிய தொழிலாக வளரவில்லை. நம் ஜனங்கள் மீனும் இறாலும் நண்டும் தின்பார்கள். சிப்பியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். பழவேற்காட்டில் சிப்பி ஓட்டுக்கு இருந்த மதிப்பு சதைக்கு இல்லை. ஓட்டைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்குமே!

சங்கும் தோணியும்

ஹார்னெல் 1918-ம் ஆண்டு மீன்வள இலாகாவின் டைரக்டரானார். 1924-ம் ஆண்டு ஓய்வு பெற்றார். அதற்குள் அவர் எழுதிக் குவித்தது கொஞ்சமல்ல. சங்கைப் பற்றி எழுதிய நூலுக்காகக் கொற்கை மணலில் தேடி, அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டார். பழைய பாண்டிய நாட்டில் வளையல் பட்டறை இருந்தது என்பதற்கு அது சாட்சி. கட்டுமரம், வள்ளம், யாழ்ப்பாணத்துத் தோணி என்று எதையும் விடவில்லை. நம் மீனவர்கள் அன்றாடம் தள்ளிக்கொண்டு போகும் கட்டுமரத்தில் எத்தனை கட்டை, எந்தக் கயிறு என்று ஒரு துரை உட்கார்ந்து குறிப்பெடுத்தது அவர்களுக்கு வேடிக்கையாகக்கூட இருந்திருக்கும். இன்று அந்தக் குறிப்புகள்தான் நமக்கு மிச்சம்.

ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. பசிபிக் சமுத்திரத்துக்குக் கப்பல் ஏறினார். அங்குள்ள தோணிகளைப் பற்றி ஹாடன் என்ற அறிஞருடன் சேர்ந்து பெரிய நூல் எழுதினார். 1949-ம் ஆண்டு காலமானார்.

எண்ணெயா, கிருமியா?

ஹார்னெல் தேடியும் கிடைக்காத ஒரு விடை, அவர் கண்ணை மூடிய மறு ஆண்டே கிடைத்தது. அவர் உலவிய கடலில் அல்ல, அமெரிக்காவில்.

அங்கே லூசியானா கரையில் 1940-களில் சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனிகள்தான் காரணம் என்று சிப்பிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கம்பெனிகள் பணம் கொடுத்து ஆராய்ச்சி வைத்தன. சிப்பிகளின் சதைக்குள் ஒரே அணுவால் ஆன ஓர் ஒட்டுண்ணி அகப்பட்டது! 1950-ம் ஆண்டு மூன்று விஞ்ஞானிகள் அதை உலகுக்கு அறிவித்தார்கள். முதலில் பூஞ்சை என்று நினைத்தார்கள். பின்னர் பூஞ்சை அல்ல என்று தெரிந்து 1978-ம் ஆண்டு பெர்கின்சஸ் என்று பெயர் மாற்றினார்கள். தண்ணீர் வழியாகவே சிப்பிக்குச் சிப்பி பரவும். அமெரிக்காவில் உள்ள வகை, வெதுவெதுப்பான உப்பு நீரில் கொழிக்கும். வெள்ளம் வந்து நன்னீர் கலந்தால் அடங்கும்.

1952-ம் ஆண்டு சாமி ரே என்பவர் ஒரு சோதனை கண்டுபிடித்தார். சிப்பியின் சதைத் துணுக்கை ஒரு திரவத்தில் போட்டு, இருட்டில் சில நாள் வைத்தால் ஒட்டுண்ணி ஊதிப் பெருக்கும். அயோடின் விட்டால் கருநீலமாகும். பூதக்கண்ணாடியில் எண்ணிவிடலாம். மலிவான சோதனை, இன்றும் செய்கிறார்கள். குறை என்னவென்றால் ஒரு வாரம் ஆகும். அதோடு, வந்திருப்பது பெர்கின்சஸ் குடும்பத்தில் அண்ணனா தம்பியா என்று சொல்லாது. அண்ணன் படுகையையே அழிப்பான். தம்பி சும்மா ஒட்டிக்கொண்டிருப்பான்.

இங்கேதான் மரபணுச் சோதனை வருகிறது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர். சோதனைதான். கேரி முல்லிஸ் என்ற அமெரிக்கர் 1983-ம் ஆண்டு கண்ட இந்த முறைக்கு 1993-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

சிப்பியின் செவுளில் மிளகளவு சதை எடுத்து, அதிலிருந்து டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் பிரிக்கிறார்கள். ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வில் மட்டும் போய் ஒட்டும்படி செய்த சிறு துண்டுகளைச் சேர்த்து, ஒரு பெட்டியில் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்றில் ஒன்று 107 கோடியாகிவிடும்! ஒட்டுண்ணி இல்லையென்றால் எத்தனை சுற்றினாலும் ஒன்றும் பெருகாது. சில மணி நேரத்தில் தீர்ப்பு. பெருகியதன் எழுத்து வரிசையைப் படித்தால் அண்ணனா தம்பியா என்பதும் தெரிந்துவிடும்.

நம் கடலில்

2010-ம் ஆண்டு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஒரு செய்தி வெளியிட்டார்கள். நம் தென்கிழக்குக் கரையில், கடலில் தானாக வளர்ந்த முத்துச் சிப்பியிலும், பண்ணையில் வளர்த்த முத்துச் சிப்பியிலும் பெர்கின்சஸ் ஓல்சனி என்ற வகை இருக்கிறது! ரேயின் சோதனை, சீவல் சோதனை, மரபணுச் சோதனை மூன்றையும் செய்துதான் சொன்னார்கள். 2012-ம் ஆண்டு, ஹார்னெல் பழவேற்காட்டில் வளர்க்க முயன்றாரே, அதே மெட்ராசென்சிஸ் சிப்பியில் பெர்கின்சஸ் குடும்பத்தின் இன்னொரு வகையைத் தென்மேற்குக் கரையில் கண்டார்கள். அது முதலில் சீனாவில் கண்டுபிடித்த வகை.

ஓல்சனியை உலக விலங்கு நல அமைப்பு தன் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதாவது, கண்டால் உலகுக்குச் சொல்லியாக வேண்டிய நோய்.

ஹார்னெலும் ஹெர்ட்மனும் சொன்ன நாற்று நடும் யோசனை நினைவிருக்கிறதா? குஞ்சுகளை ஓரிடத்திலிருந்து அள்ளி இன்னோரிடத்தில் விடுவது. இன்றும் சிப்பிப் பண்ணைகள் அதைத்தான் செய்கின்றன. குஞ்சோடு கூடவே ஒட்டுண்ணியும் பயணம் போனால்? ஒரு படுகையின் நோயை நாமே கூலி கொடுத்து அடுத்த படுகைக்கு அனுப்பியதாகிவிடும். ஏரிக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால் மருந்து தெளித்து விரட்ட முடியாது. அதனால் குஞ்சை ஏற்றுவதற்கு முன்பே, அதே கூட்டத்தில் சிலவற்றை எடுத்துச் சோதிக்க வேண்டும். கையில் ரேயின் சோதனை மட்டும் இருந்த காலத்தில் அதற்கு ஒரு வாரம் காக்க வேண்டியிருந்தது. இப்போது காலையில் கொடுத்தால் மாலையில் தெரிந்துவிடும்.

ஆனால் பி.சி.ஆர். சோதனையும் வாசலில் நின்றவனைத்தான் காட்டுகிறது. ஒட்டுண்ணியின் டி.என்.ஏ. இருக்கிறது என்று சொல்லும். அது உயிரோடு இருக்கிறதா, சிப்பியை அதுதான் கொன்றதா என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளச் சிப்பியின் சதையை மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்தே ஆக வேண்டும். ஜெர்ஸி தீவில் ஹார்னெல் விற்றாரே, அதே வேலை.

சிப்பி தின்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். பெர்கின்சஸ் மனிதனை ஒன்றும் செய்யாது. சாக்கடை கலக்காத தண்ணீரில் எடுத்ததா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.